பிரசார் பாரதி: பணப்பையின் சாவி யாரிடம்?

தூர்தர்ஷனையும் அகில இந்திய வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதி, 1997 நவம்பரில் தன்னாட்சி அமைப்பாக உருவெடுத்தது. ஆனால் அதன் ஊழியர்களின் ஊதியத்துக்கு இன்றும் மத்திய அரசின் மானியமே ஆதாரம்.

இந்நிலைக்கு வித்திட்டது 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான உரிமக் கட்டணம் ஏதேனும் வசூலானால் அதை இவ்வமைப்புக்கு வழங்கலாம் என்கிறது அப்பிரிவு. அக்கட்டணமோ 1980-களிலேயே கைவிடப்பட்டது. வற்றிய கிணற்றை நம்பி வாய்க்கால் வெட்டிய கதைதான். எஞ்சியது, அரசு அவசியம் எனக் கருதித் தரும் தொகை.

ஊதிய நிதியைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நிறுத்தி வைத்ததாக, பிரசார் பாரதியின் அப்போதைய தலைவர் ஏ. சூரியபிரகாஷ் 2018-இல் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். அமைச்சகம் அதை மறுத்தது. யார் கூற்று சரி என்பது இருக்கட்டும். அப்படியொரு தகராறு எழ இடமிருந்ததே கவலைக்குரியது.

பணம் வராமல் இல்லை. 2023 ஜனவரியில் உள்கட்டமைப்பு மேம்பாட்டுக்கு ரூ.2,539.61 கோடிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கோபுரங்களுக்கும் கருவிகளுக்கும் நிதி தர அரசுகள் தயங்குவதில்லை. 'டிடி ஃப்ரீ டிஷ்' சேவையில் தனியார் சேனல்களுக்கான இடங்களை ஏலம் விடுவதாலும் வருவாய் உண்டு. ஆயினும் அது சந்தையின் போக்கைப் பொருத்தது.

ஜெர்மனியில் 2013 முதல் வீட்டுக்கொரு கட்டணம் வசூலிக்கப்படுகிறது; அதன் அளவைச் சுயேச்சையான ஆணையம் பரிந்துரைக்கிறது. வீடுதோறும் வசூல் என்பதை இங்கு எந்தக் கட்சியும் ஏற்காது. ஆனால் பரிந்துரைக்கும் முறையைப் பின்பற்றத் தடையில்லை. மாநிலங்களுக்கான வரிப்பகிர்வை நிதிக் குழு பரிந்துரைப்பதுபோல, ஐந்தாண்டுகளுக்கான தொகையைத் தனிக்குழு பரிந்துரைத்து, நாடாளுமன்றம் சட்டப்படி நிர்ணயித்துவிட்டால், ஆண்டுதோறும் அமைச்சகத்தின் வாசலில் காத்திருக்க நேராது.