விடுதியும் வீடும்

பழைமை வாய்ந்த மாளிகையொன்று இடிபடாமல் நின்றுவிடின், அதன் பெருமையும் உடன் நின்றுவிட்டதென்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். சுவரும் தூணும் கூரையும் செவ்வனே இருக்க, வேறென்ன குறை என்பது அவர்தம் வினா. மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து இவ்வினா நியாயமாகவே தோன்றும். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டில், நியூயார்க் மாநகரின் நடுவே நிற்கும் பிளாசா ஹோட்டல் என்னும் பெயர்பெற்ற விடுதியின் பிற்கால வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு, கட்டடத்தைக் காப்பது வேறு, விடுதியைக் காப்பது வேறு என்பது புலனாகும். நகர நடுவிலுள்ள பழம்பெரும் விடுதிகளைத் தனிப்பட்டோர்க்குரிய வீடுகளாகப் பகுத்து விற்கும் வழக்கத்தைக் குறித்து, அவ்வரலாற்றைச் சான்றாகக் கொண்டு என் அபிப்பிராயத்தை வெளியிடுதலே இச்சிறு வியாசத்தின் நோக்கமாகும்.

முதற்கண் இவ்வழக்கம் இன்னதென அறிதல் வேண்டும். பலமாடிக் கட்டடமொன்றின் பகுதிகளை வெவ்வேறு மனிதர் தத்தமக்கே சொந்தமாக விலைக்கு வாங்கி, வாயில், படிக்கட்டு, கூரை, நிலம் முதலியவற்றை யாவரும் கூட்டுடைமையாகக் கொள்ளும் முறைக்குக் காண்டோமினியம் என்று பெயர். நியூயார்க் மாகாணத்தில் 1964-ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டமியற்றப்பட்டது. புதிதாய் எழும் கட்டடங்களுக்கு இம்முறை பெரிதும் உதவிற்று. பல குடும்பங்கள் நிலமின்றியே தமக்கென ஒரு வீடு கொள்ள இது வழிகோலிற்று. ஆகவே இம்முறையையே யான் பழிக்கின்றேனல்லேன். ஊரார்க்கும் வழிப்போக்கர்க்கும் வாயில் திறந்திருந்த ஒரு விடுதியின்மீது இம்முறை புகுத்தப்படும்பொழுது நிகழ்வது யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இப்பொழுதுள்ள பிளாசா ஹோட்டல் 1907-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஐந்தாம் அவென்யூ என்னும் பெருவீதியும் சென்ட்ரல் பார்க் என்னும் பூங்காவும் கூடுமிடத்தில், அதே பெயருடைய முந்திய விடுதியொன்றை இடித்துவிட்டு இதனை எழுப்பினர். இதனை வகுத்த சிற்பி ஹென்றி ஹார்டன்பர்க் என்பார். இங்கு நிகழ்ந்தவை பல. 1966-ஆம் ஆண்டில் ட்ரூமன் கபோட்டி என்னும் எழுத்தாளர் கறுப்பும் வெள்ளையுமான உடையுடன் முகமூடி அணிந்து வருமாறு விதித்து நண்பரை அழைத்த நடன விருந்து இங்குதான் நடந்தது. 1985-ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, மேற்கு ஜெர்மனி, ஜப்பான் ஆகிய ஐந்து நாட்டு நிதிமந்திரிகள் கூடி டாலரின் மதிப்பைக் குறைக்க உடன்பட்டதும் இங்குதான். அவ்வுடன்படிக்கை இன்றளவும் இவ்விடுதியின் பெயராலேயே பொருளாதார நூல்களில் வழங்குகின்றது. 1969-ஆம் ஆண்டில் நகரத்தார் இதன் வெளித்தோற்றத்தைச் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கினர்.

இவ்விடுதி கைமாறியதும் பன்முறை. 1943-ஆம் ஆண்டில் கான்ராடு ஹில்டன் இதனை 74 லட்சம் டாலருக்கு வாங்கினார். பிற்காலத்திற் குடியரசுத் தலைவரான டொனால்டு டிரம்ப் 1988-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 40 கோடி டாலருக்கு வாங்கிக் கடன்பட்டு, 1995-ஆம் ஆண்டில் இழந்தார். முதலாளிகள் மாறினும், விடுதி விடுதியாகவே நடந்துவந்தது. வழிப்போக்கன் முன்போலவே உள்ளே வந்தான். பணியாளன் முன்போலவே தன் வேலையைச் செய்தான். 2004-ஆம் ஆண்டில் இதனை 67 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கிய எலாட் என்னும் கம்பெனியார்தாம் இதனைப் பகுத்து விற்கத் துணிந்தனர். அதுகாறும் 800-க்கு மேற்பட்ட அறைகளுடன் விளங்கிய விடுதியில் ஏறக்குறைய 150 அறைகளை மாத்திரம் விருந்தினர்க்கு விட்டு, எஞ்சியவற்றை வீடுகளாக்குதல் அவர்தம் முதற் கருத்து.

இச்செய்தி வெளிவந்தவுடன் எதிர்த்தெழுந்தவர் யார் என்பதைக் கவனித்தல் வேண்டும். பழம்பொருள் ஆராய்ச்சியாளர் மாத்திரமல்லர். அறை பெருக்குவோர், சமைப்போர், பெட்டி சுமப்போர் ஆகிய தொழிலாளர்தம் சங்கத்தினரே முன்னின்றனர். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு அவ்வறைகளை நம்பியிருந்தது. வீடாகிவிட்ட இடத்தில் நாடோறும் படுக்கை விரிப்பதற்கும், இரவெல்லாம் விழித்திருந்து வருவோரை வரவேற்பதற்கும் அத்தனை பேர் வேண்டியதில்லை. சங்கத்தார் நகரமெங்கும் கிளர்ச்சி செய்தனர். நகரத்தலைவர் மைக்கேல் புளூம்பர்க் இருதிறத்தாரையும் அழைத்துப் பேசினார். 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உடன்பாடொன்று ஏற்பட்டது. முதலிற் கருதியதினும் மிகுதியான அறைகளை விடுதிக்கே விடவும், ஏறக்குறைய 350 பேரின் வேலையை நிலைநிறுத்தவும் கம்பெனியார் இசைந்தனர். அம்மாத இறுதியில் விடுதி மூடப்பட்டது. அவ்வாண்டிலேயே பாம் கோர்ட், ஓக் ரூம், பெரிய நடனமண்டபம் முதலிய உள்ளறைகளும் நகரத்தின் பாதுகாப்புக்குட்பட்டன. 2008-ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டபொழுது, 282 விருந்தினர் அறைகளும் 181 தனி வீடுகளும் கொண்டதாய் அக்கட்டடம் விளங்கிற்று.

நிற்க. எதிர்க்கட்சியாரின் நியாயங்களையும் நாம் புறக்கணித்தலாகாது. பெருவிடுதியொன்றை நடத்துதல் எளிதன்று. கூலியும் வரியும் பழுதுபார்க்குஞ் செலவும் ஆண்டுதோறும் ஏறுவன. வருவாயோ பருவத்தையும் காலநிலையையும் பொறுத்தது. வீடுகளை விற்பின் பெரும்பொருள் ஒருங்கே கைக்கு வரும். அப்பொருளைக்கொண்டு பழுதுற்ற கட்டடத்தையும் செப்பனிடலாம். அன்றியும், மாற்றத்தினும் கொடியது இடிப்பு. பிளாசாவை வகுத்த அதே ஹார்டன்பர்க் வகுத்த பழைய வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியை 1929-ஆம் ஆண்டில் அடியோடு இடித்து, அவ்விடத்திலேதான் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை எழுப்பினர். இடிபட்ட விடுதிக்கும் பகுக்கப்பட்ட விடுதிக்கும் இடையே ஒன்றைத் தெரிந்துகொள்ள நேரின், பகுக்கப்பட்டதனையே யானும் விரும்புவேன். பெரும்பாலும் அவ்விரண்டே வழிகள் உள்ளனவெனக் கூறுவோர் விற்க விரும்புவோரேயாதலின், அக்கூற்றைச் சற்று ஐயத்துடன் கேட்டல் தகும்.

இன்னுமொரு தடை கூறுவாருமுளர். இவ்விடுதி ஏழைகளுக்கு எந்நாளிற் பயன்பட்டது? தொடக்கமுதலே பெருஞ்செல்வர் பலர் இங்கு நிலையாகக் குடியிருந்தனரன்றோ? செல்வர் வாடகைக்கிருந்த இடத்தைச் செல்வர் விலைக்கு வாங்கினால் உலகிற்கு வந்த நட்டம் யாது? இவ்வாறு அவர் வினவுவர். இத்தடை வலியுடையது. இதற்கு விடைகூறாது மேற்செல்லுதல் நேர்மையாகாது.

இதற்குரிய விடை அவ்விடுதியின் வரலாற்றிலேயே உளது. ஓக் ரூம் என்னும் உணவறையில் வாரநாட்களிற் பிற்பகல் 3 மணி வரையில் ஆடவர்க்கு மாத்திரமே உணவளிக்கும் வழக்கம் இருந்தது. 1969-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பெட்டி பிரீடன் அம்மையாரும் அவர்தம் தோழியர் சிலரும் நண்பகலில் அவ்வறைக்குட் புகுந்து அமர்ந்தனர். பரிசாரகர் உணவு கொணரவில்லை; மேசையையும் அகற்றிவிட்டனர். எனினும் செய்தி நாடெங்கும் பரவிற்று. அவ்வாண்டிலேயே அவ்வழக்கமும் கைவிடப்பட்டது. அவ்வறை குற்றமற்ற இடமாயிருந்ததென்று யான் கூறவில்லை. அது பொதுவிடமாயிருந்தமையாலன்றோ, ஏன் எமக்கு இடமில்லை என்று அம்மாதர் கேட்க இயன்றது! பொதுவிடத்தின் வாயிலில் நின்று ஒருவன் நியாயங் கேட்கலாம். தனிமனிதன் வீட்டு வாயிலில் நின்று அவ்வாறு கேட்க எவனுக்கும் உரிமையில்லை; கேட்பின் அது அத்துமீறலாகும். விடுதியிற் செல்வர் மலிந்திருந்தது உண்மையே. ஆயினும் ஒரு கிண்ணத் தேநீருக்குப் பணம் சேர்த்துக்கொண்டு வந்த பள்ளியாசிரியையும் அங்கே ஒரு நாழிகை அமரலாம். மழைக்கு ஒதுங்கிய அயலூரானும் முன்மண்டபத்தை அண்ணாந்து நோக்கலாம். இச்சிறு சலுகைகளே ஒரு கட்டடத்தை ஊராருடையதாக்குவன.

அவ்வோக் ரூமுக்குப் பிற்காலத்தில் நேர்ந்ததையுங் கேளுங்கள். சட்டம் அதன் கருவாலிமரப் பலகைகளையும் சுவரோவியங்களையும் காத்தது. ஒரு பலகையும் பெயர்க்கப்படவில்லை. ஆனால் 2011-ஆம் ஆண்டில் அது பொதுவுணவகமாயிருத்தல் ஒழிந்தது. அதன்பின் தனியார் வைபவங்களுக்கே அது பெரும்பாலும் திறக்கப்பட்டு வந்தது. சுவர் உளது, கதவு அடைபட்டது. சின்னங்களைக் காக்குஞ் சட்டம் கல்லையும் மரத்தையும் அளந்தறியும். உள்ளே யார் வரலாம் என்பதை அளக்க அதனிடம் கோல் இல்லை.

வீடுகளாகப் பகுத்தலில் மற்றொரு கேடும் உண்டு. அது மீட்சியற்றது. விடுதியொன்றைத் தீயமுதலாளி கெடுத்தால், பின்வரும் நல்ல முதலாளி திருத்தலாம். பிளாசாவின் விடுதிப்பகுதியையே எடுத்துக்கொள்வோம். 2012-ஆம் ஆண்டில் நம் இந்தியாவின் சகாரா குழுவினர் அதன் பெரும்பங்கை வாங்கினர். அக்குழுவின் தலைவர் 2014-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்ற ஆணைப்படி டில்லிச் சிறையிலிருந்தபொழுது, விடுதலைக்குரிய பணந்திரட்ட அதனை விற்க முயன்றார். 2018-ஆம் ஆண்டில் கத்தார் நாட்டின் கட்டாரா கம்பெனியார் ஏறக்குறைய 60 கோடி டாலருக்கு அதனைப் பெற்றனர். இத்தனை அலைச்சலிலும் விடுதிப்பகுதி விருந்தினரை ஏற்றுக்கொண்டேயிருந்தது. ஆனால் விற்கப்பட்ட 181 வீடுகளோ 181 பத்திரங்களாகிவிட்டன. அவற்றை மீண்டும் ஒன்றாக்கி விடுதியாக்க வேண்டுமாயின், உடைமையாளருள் மிகப்பெரும்பான்மையோரேனும் ஒருமனப்படல் வேண்டும். அது நடவாத காரியம். ஒரு தலைமுறையின் இலாபத்திற்காக வருந்தலைமுறைகள் அனைத்தின் வாயிலும் பூட்டப்படுகின்றது.

நியூயார்க் நகரத்தார் இதனை ஓரளவு உணர்ந்தனரென்றே கூறலாம். 2015-ஆம் ஆண்டில், மன்ஹாட்டன் பகுதியில் 150-க்கு மேற்பட்ட அறைகளுள்ள விடுதிகள் தம் இடத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் வேறு பயனுக்கு மாற்றுதலைத் தற்காலிகச் சட்டத்தால் தடுத்தனர். அத்தடை பின்னர் நீட்டிக்கப்பட்டு 2019-ஆம் ஆண்டில் முடிவுற்றது. இதனிடையே, 1931-ஆம் ஆண்டிற் புதிதாய் எழுந்த வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியைச் சீனக் கம்பெனியொன்று 195 கோடி டாலருக்கு வாங்கி, 2017-ஆம் ஆண்டில் மூடியது. 2025-ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டபொழுது, முன்னிருந்த 1,400-க்கு மேற்பட்ட அறைகளுக்குப் பதிலாக 375 விருந்தினர் அறைகளே எஞ்சின. மற்றைய இடம் விற்பனைக்குரிய வீடுகளாயிற்று. உள்மண்டபங்கள் சட்டப்பாதுகாப்பினாற் பொலிவுடன் தப்பின. அம்மட்டில் மகிழ்ச்சியே.

ஆயின் செய்யத்தக்கது யாது? மாற்றமே கூடாதென்று யான் பிடிவாதஞ் செய்யேன். பொதுவிடுதியொன்றை வீடுகளாக்க உத்தரவு வேண்டுவோரிடத்து நகரத்தார் இரண்டு உறுதிகளையேனும் பெறுதல் வேண்டும் என்பதே என் கருத்து. தரைமட்டத்திலுள்ள பெருமண்டபங்களும் உணவறைகளும் எக்காலத்தும் பொதுமக்களுக்குத் திறந்திருக்குமென்பது ஒன்று; இது கம்பெனியின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாயிராது பத்திரத்திலேயே எழுதப்படல் வேண்டும். அங்கு உழைத்துவந்தோர்க்கு வேலையோ தக்க ஈட்டுத்தொகையோ முன்னரே உறுதிசெய்யப்படுதல் மற்றொன்று. பிளாசாவின் தொழிலாளர் பின்னதைத் தம் ஒற்றுமையாற் பெரும்பாலும் பெற்றனர். முன்னதைக் கேட்பதற்கு அத்தகைய சங்கம் எதுவும் இருக்கவில்லை, பொதுமக்களுக்குச் சங்கமேது? ஆதலின் அவர் சார்பிற் பேசுதல் நகராட்சியின் கடமையாகின்றது.

மாணவ நண்பர்களே! உங்களிற் சிலர் நாளை சட்டம் பயின்று பத்திரங்கள் எழுதுவீர். சிலர் கட்டடங்களை வகுப்பீர். சிலர் நகரசபைகளில் அமர்ந்து உத்தரவுகளிற் கையொப்பமிடுவீர். பழைய கட்டடமொன்றின் விதி உங்கள் மேசைக்கு வருங்கால், சுவர் நிற்குமா என்று மாத்திரம் கேட்டு அமையாதீர். கதவு திறந்திருக்குமா என்றும், அக்கதவைத் திறந்துவந்த கைகளுக்கு வேலை இருக்குமா என்றும் சேர்த்துக் கேளுங்கள். விருந்தினரை வரவேற்கக் கட்டிய மாளிகை விருந்தினரை மறந்து நிற்குமாயின், அது எத்துணை அழகுடையதாயினும் தன் பெயருக்கு உரியதாகாது.