வேலையா, வேஷமா?

துப்பாக்கி எனக்கு ஆகாது. ஆயினும் அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்களின் ஒரு கோபத்தில் நானும் பங்கு கொள்கிறேன். லூயிசியானாவின் பேட்டன் ரூஜ் நகரத்துப் பட்டறை ஒன்றை வைத்து, 2011 முதல் 2014 வரை டிஸ்கவரி தொலைக்காட்சி 'சன்ஸ் ஆஃப் கன்ஸ்' என்ற தொடரைக் காட்டிற்று. கெடு, கூச்சல், குடும்பப் பூசல், முடிவில் ஒரு வெடி! இது வேலையா, வேஷமா என்று அவர்களுக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகந்தான். பழைய முறையில் குழலுக்குக் கருமெருகு ஏற்றுகிறவன் என்ன செய்கிறான்? இரும்பைத் துருப்பிடிக்க விடுகிறான், கொதிநீரிலிட்டு அந்தத் துருவைக் கறுக்க வைக்கிறான், தேய்க்கிறான், மறுபடியும் துருவுக்குக் காத்திருக்கிறான். இப்படிப் பல நாள். காமிராவுக்கு அந்தப் பொறுமை ஏது? அவசரத்தில் செய்த நாற்காலி ஆளைக் கீழே தள்ளும். அவசரத்தில் செய்த துப்பாக்கியோ சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கலாம். வேலையைக் காட்டுவதாகச் சொல்லி, வேலைக்காரனின் பொறுமையை மறைப்பது பொழுதுபோக்கு அல்ல, பொய்.