எந்த மந்திரத்தைத் தடுப்பீர்கள்?



சாப்பாட்டு மேஜைதான் போர்க்களம். அட்டையில் வெட்டிய குன்று, பஞ்சில் செய்த மரம், கட்டைவிரல் உயரத்தில் வண்ணம் பூசிய வீரர்கள். இந்தப் பக்கம் உங்கள் படை, அந்தப் பக்கம் உங்கள் நண்பனின் படை. அவனுடைய மந்திரவாதி பொம்மை கையை உயர்த்தி நிற்கிறது. மந்திரத்தை முறிக்கும் சுருள் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அவன் முதல் மந்திரத்தை ஏவுகிறான். அதை இப்போதே செலவழிப்பீர்களா, பத்திரமாக வைத்திருப்பீர்களா?

'தலையங்கம் எழுத வேறு விஷயம் கிடைக்கவில்லையா?' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கலாம். கேட்கட்டும். நாற்பது பக்கக் கணக்கு நோட்டில் கிடைக்காத ஒரு பாடம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பொம்மை வீரர்களை வைத்து விதிமுறையோடு போர் நடத்துவது புதிய விளையாட்டு அல்ல. 'கால இயந்திரம்' கதை எழுதிய எச்.ஜி.வெல்ஸ், 1913ல் 'லிட்டில் வார்ஸ்' என்று இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய போரில் மந்திரம் கிடையாது. ஸ்பிரிங் வைத்த பொம்மை பீரங்கியால் மரத்துண்டைச் சுட்டு வீரர்களைச் சாய்ப்பார்கள். 1971ல் அமெரிக்காவில் வெளியான 'செயின்மெயில்' என்ற விதிநூலின் பிற்பகுதியில் மந்திரவாதிகளும் டிராகன்களும் வந்து சேர்ந்தார்கள். பிறகு 1983ல் இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் 'வார்ஹாமர்' விளையாட்டைக் கொண்டு வந்தது. குள்ளர்கள், பூதங்கள், எலும்புக்கூட்டுப் படைகள் எல்லாம் மோதும் உலகம் அது. 2015ல் பழைய வடிவத்தை நிறுத்தினார்கள். 2024ல் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் அந்த உலகத்தை மறுபடியும் மேஜைக்குக் கொண்டு வந்தார்கள்.

விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். நான் இங்கே சொல்வது 2000ல் வந்த ஆறாம் பதிப்பிலும் 2006ல் வந்த ஏழாம் பதிப்பிலும் இருந்த முறை. கணக்குப் போட அதுதான் சுகமானது.

மந்திரம் ஏவுபவர் சில பகடைகளை உருட்டுவார். அந்த மந்திரத்துக்கு உரிய எண்ணை எட்டினால் அது பலிக்கும். உடனே எதிராளிக்கு ஒரு வாய்ப்பு. அவர் தன் தடுப்புப் பகடைகளில் எத்தனை வேண்டுமானாலும் எடுத்து உருட்டலாம். ஏவியவர் எடுத்த மொத்தத்தை எட்டினாலோ தாண்டினாலோ மந்திரம் முறியும். எல்லோருக்கும் 2 தடுப்புப் பகடை இலவசம். சின்ன மந்திரவாதி ஒருவர் படையில் இருந்தால் இன்னும் 1, பெரிய மந்திரவாதி இருந்தால் 2 கூடும். ஒரு சுற்றுக்கு அவ்வளவுதான் கையிருப்பு. சுருள் இருந்தால் பகடையே வேண்டாம், மந்திரம் நேராக முறிந்துவிடும். ஆனால் ஒரு சுருளை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம்.

சரி, பென்சிலை எடுங்கள்.

நண்பன் 3 பகடை உருட்டி 11 எடுத்துவிட்டான். நீங்கள் 2 பகடையால் தடுக்கப் பார்க்கிறீர்கள். இரண்டு பகடை 36 விதமாக விழலாம். அதில் 11ஐ எட்டுவது 5-6, 6-5, 6-6 என்ற மூன்றுதான். அதாவது 12ல் ஒரு வாய்ப்பு. 3 பகடை உருட்டினால் 216 விதங்களில் 108 உங்களுக்குச் சாதகம். சரிபாதி! 4 பகடை என்றால் 1296 விதங்களில் 1090. ஆறில் ஐந்து பங்குக்கும் சற்று அதிகம்.

இப்போது கேளுங்கள். நண்பன் ஒரே சுற்றில் இரண்டு மந்திரம் ஏவுகிறான். இரண்டிலும் 11 எடுக்கிறான். உங்களிடம் 4 தடுப்புப் பகடை. என்ன செய்வீர்கள்? இதை எந்த வகுப்பில் கேட்டாலும் பெரும்பாலோர் 'இதுக்கு ரெண்டு, அதுக்கு ரெண்டு சார்' என்றுதான் சொல்வார்கள். லட்டை இரண்டு பேருக்குப் பங்கிடும்போது அது நல்ல பழக்கம். இங்கே உதவாது. இரண்டு இரண்டாகப் பிரித்தால், இரண்டில் ஒரு மந்திரத்தையாவது தடுக்கும் வாய்ப்பு 144ல் 23. ஆறில் ஒரு பங்குகூட இல்லை! நான்கையும் ஒன்றின் மேல் போட்டால், அந்த ஒன்றைத் தடுக்கும் வாய்ப்பு ஆறில் ஐந்துக்கு மேல்.

அப்படியென்றால் இன்னொன்று? அது விழட்டும். விழத்தான் செய்யும்.

இதுதான் கஷ்டமான இடம். எந்த வீரர்களைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்யும்போதே, எந்த வீரர்களை இழப்பது என்றும் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். மூன்று நாள் உட்கார்ந்து மெல்லிய தூரிகையால் கண்ணும் மீசையும் வரைந்த வீரன் அந்தக் கூட்டத்தில் இருப்பான். மனசு கேட்காது. அவனுக்காகப் பகடையைப் பிரித்தால் இரண்டு கூட்டமுமே போய்விடக்கூடும்.

எதைத் தடுப்பது என்று எப்படித் தெரியும்? மந்திரத்தின் பெயர் பயமாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அடுத்த சுற்றில் என்ன நடக்கும் என்று பாருங்கள். நெருப்பு மழை பொழிந்து 20 ஈட்டி வீரர்களில் 3 பேர் விழுந்தால், மீதி 17 பேர் நின்று சண்டை போடுவார்கள். ஆனால் பாயத் தயாராக நிற்கும் உங்கள் குதிரைப்படையை அசையவிடாமல் செய்யும் ஒரு சாது மந்திரம், யாரையும் கொல்லாமலே ஆட்டத்தைப் பறித்துவிடும். கெட்டிக்கார எதிராளி முதலில் நெருப்பு மழையைத்தான் ஏவுவான். நீங்கள் பதறிப்போய்ப் பகடை எல்லாவற்றையும் உருட்டுவீர்கள். பிறகு சாவகாசமாகச் சாதுவை எடுப்பான். தூண்டில் புழு மாதிரி!

இவ்வளவும் ஆட்டத்தின் நடுவே. அதற்கு முன்பே, படை திரட்டும்போதே ஒரு தேர்வு உண்டு. 2000 புள்ளிக்குள் படை என்று பேசிக்கொண்டால், வீரன், குதிரை, கொடி, சுருள் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். சுருள் ஒன்று 25 புள்ளி. வீரன் ஒருவனுக்கு 5 புள்ளி என்று வைத்துக்கொண்டால் ஒரு சுருளுக்கு 5 வீரர்கள். சின்ன மந்திரவாதி 50 புள்ளிக்குத்தான் மந்திரப் பொருள் சுமக்கலாம். எனவே ஆளுக்கு 2 சுருள். 4 சுருள் வேண்டுமென்றால் 20 வீரர்களை இழப்பதோடு, சுமப்பதற்கு 2 மந்திரவாதிகளையும் வாங்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு மேஜைக்குப் போனால், எதிராளி மந்திரவாதியே இல்லாத படையோடு வந்து நிற்கலாம். அப்போது நான்கு சுருளும் வெறும் காகிதம்.

என்னைக் கேட்டால், ஒரு சின்ன மந்திரவாதி, 2 சுருள், அதற்கு மேல் வேண்டாம். 3 தடுப்புப் பகடை கையில் இருக்கும், சிறு மந்திரங்களை அது பார்த்துக்கொள்ளும். ஆட்டம் 6 சுற்று நடக்கும். அதில் உண்மையிலேயே தலைபோகிற சுற்று இரண்டு இருந்தால் அதிகம். சுருள் அந்தச் சுற்றுகளுக்கு. சிலர் கடைசிச் சுற்று வரை சுருளைக் கிழிக்காமல் வைத்திருந்து, படை முழுதும் போன பிறகு கையில் சுருளோடு உட்கார்ந்திருப்பார்கள். தீபாவளிப் பட்டாசைச் சேர்த்து வைத்து நமுத்துப் போக விடுகிறவர்களும் உண்டல்லவா!

குள்ளர் படையை எனக்குப் பிடிக்கும். அவர்களிடம் மந்திரவாதியே கிடையாது. அதற்கு ஈடாகத் தடுப்புப் பகடை 2 அல்ல, 4. ஆயுதத்திலும் கவசத்திலும் எழுத்து செதுக்கி அதில் மந்திரத்தை அடைப்பார்கள். திருப்பி மந்திரம் அடிக்க முடியாது, ஆனால் அவர்கள் மேல் மந்திரம் பலிப்பதும் கஷ்டம்.

இத்தனை செய்தும் ஓர் ஓட்டை உண்டு. ஏவுகிறவருக்கு இரண்டு 6 விழுந்துவிட்டால் அந்த மந்திரத்தைப் பகடையாலும் தடுக்க முடியாது, சுருளாலும் தடுக்க முடியாது. 3 பகடையில் 216க்கு 16 தடவை இப்படி நடக்கும். அப்படி விழுந்தால் மேஜையைத் தட்டக்கூடாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. இரண்டு 1 விழுந்தால் மந்திரம் ஏவியவர் மேலேயே திரும்பும். அந்தப் பயம் அவருக்கும் உண்டு.

இன்னொன்று. நண்பன் படைப்பட்டியல் எழுதும்போது எட்டிப் பார்த்து, அவனிடம் மந்திரவாதி இருக்கிறானா என்று தெரிந்துகொண்டு உங்கள் பட்டியலைத் திருத்தாதீர்கள். பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான்.

அசல் பொம்மைகள் விலை அதிகம். வாங்கித் தரச் சொல்லி வீட்டில் அடம் பிடிக்க வேண்டாம். சட்டைப் பொத்தான், சோடா மூடி, காலண்டர் அட்டை எல்லாமே வீரர்கள்தான். பரமபதப் பெட்டியில் பகடை இருக்கும். நாலு பேர் வீட்டிலிருந்து சேர்த்தால் நாலு பகடை தேறும்.

ஆடத் தொடங்கும் முன் இதைக் கண்டுபிடித்து வையுங்கள்: எதிராளி 11க்குப் பதிலாக 9 எடுத்தால், 2 பகடையால் தடுக்க எத்தனை வாய்ப்பு? 3 பகடையால்? முதல் கேள்விக்கு ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு எண்ணிவிடலாம். இரண்டாவதற்கு அப்படி ஆறு கட்டங்கள் வேண்டும். பழைய நோட்டின் பின்பக்கம் போதும்.