தற்காப்பைத் தனியாக எடைபோடலாமா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர் ஹர்மன்பிரீத் சிங், தற்காப்பு ஆட்டக்காரர். ஆயினும் 10 கோல்களுடன் அந்தப் போட்டியில் அதிக கோல் அடித்தவர் அவரே. அத்தனையும் பெனால்டி கார்னர், பெனால்டி ஸ்ட்ரோக் வாய்ப்புகளில் வந்தவை. ஆகவே, அந்த எண்ணிக்கை அவருடைய தற்காப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது என் கருத்து.

தற்காப்பில் ஒருவர் பந்தை மறிக்க முன்னேறினால், இன்னொருவர் பின்னால் உள்ள இடத்தைக் காக்க வேண்டும். ஹர்மன்பிரீத்துடன் இப்பணியைப் பகிர்ந்தவர் அமித் ரோகிதாஸ். எதிரணியின் பெனால்டி கார்னரில் முதல் ஆளாகப் பாய்ந்து ஓடித் தடுப்பவரும் இவரே.

பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்றார். 40 நிமிடங்களுக்கு மேல் 10 பேருடன் போராடிய இந்தியா, 1-1 எனச் சமன் கண்டு, ஷூட்-அவுட்டில் 4-2 என வென்றது. தடையால் அவர் ஆடாத அரையிறுதியில் ஜெர்மனி 3-2 என வென்றது. அதில் ஒரு கோல் பெனால்டி கார்னரில் வந்தது.

அவர் ஆடியிருந்தால் இந்தியா வென்றிருக்கும் என்று சொல்ல முடியாது. ஜெர்மனி 2023 உலகக் கிண்ண வெற்றியாளர். ஆனால், கோல் பட்டியலில் தெரியாத ஒருவரின் இடத்தை நிரப்புவது எளிதல்ல.

பள்ளி, பல்கலைக்கழக அணிகளைத் தேர்வு செய்வோரும் இதைக் கவனிக்கலாம். ஓர் இணை களத்தில் இருக்கும்போது எதிரணிக்கு எத்தனை பெனால்டி கார்னர்கள் கிடைத்தன என்று குறித்து வைத்தாலே, கோல் கணக்கு மறைக்கும் உழைப்பு தெரிந்துவிடும்.