ராக்கம்மாவுக்கு எத்தனை ஓட்டு?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்களா? "நம்ம பாட்டு உலகப் போட்டியில் இருக்கிறது, உடனே ஓட்டுப் போடுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று ஒரு செய்தி சீக்கிரமே உங்களுக்கும் வரும். அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு.

2002-ல் பி.பி.சி. உலக சேவை தனது 70-ம் ஆண்டை ஒட்டி, உலகின் தலைசிறந்த பத்துப் பாடல்கள் எவை என்று நேயர்களிடம் ஓட்டுக் கேட்டது. 155 நாடுகளிலிருந்து ஓட்டுகள் வந்தன. இளையராஜா இசையில் 'தளபதி' (1991) படத்தில் வந்த 'ராக்கம்மா கையத் தட்டு' 4-வது இடம்! 5-வதும் தமிழ்தான்: திருமலை சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. குயின் குழுவின் புகழ்பெற்ற 'பொஹிமியன் ராப்சடி' 10-வது இடத்தில்தான் இருந்தது. செய்தியைப் படித்த அன்று நாமக்கல் பஸ் ஸ்டாண்டு அருகே நண்பர்களுக்கு என் செலவில் டீ.

பிறகுதான் முழுப் பட்டியலையும் நிதானமாகப் பார்த்தேன். 2-வது இடம் 'வந்தே மாதரம்', 3-வது 'தில் தில் பாகிஸ்தான்'. (இதிலும் மேட்ச்தான்!) முதலிடம் அயர்லாந்தின் உல்ஃப் டோன்ஸ் குழு பாடிய ஒரு தேசபக்திப் பாடலுக்கு. அதற்காக இமெயிலில் பெரிய பிரசாரமே நடந்திருக்கிறது. அப்படியானால் இந்தப் பட்டியல் எதை அளந்தது? பாட்டையா, இமெயில் வைத்திருந்தவர்களின் சுறுசுறுப்பையா?

சேலம் - நாமக்கல் ரோட்டில் ராக்கம்மாவைக் கேசட் தேயத் தேயக் கேட்டவர்கள் லாரி டிரைவர்களும், பாடி கட்டும் பட்டறைக்காரர்களும், தறி ஓட்டுபவர்களும். 2002-ல் அவர்களில் எத்தனை பேர் பிரவுசிங் சென்டர் படி ஏறியிருப்பார்கள்? பாட்டு அவர்களுடையது, ஓட்டு மற்றவர்களுடையது.

நானும் யோக்கியன் இல்லை. பின்னாளில் வேறொரு ஆன்லைன் ஓட்டெடுப்பில் ஒரே ராத்திரியில் நாற்பது ஓட்டுப் போட்டேன். ரகசியம் எளிது. ஓட்டுப் போட்டதும் சில தளங்கள் 'குக்கீ' என்ற சிறு ஃபைலை நம் கம்ப்யூட்டரில் வைத்து, இவர் போட்டுவிட்டார் என்று அடையாளம் கண்டுகொள்ளும். குக்கீயை அழித்தால் நீங்கள் புது ஆள்! டயல்-அப் காலம் அது. மாதக் கடைசியில் போன் பில்லைப் பார்த்து வீட்டில் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

1956 முதல் நடக்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. தன் நாட்டுப் பாடலுக்குத் தானே ஓட்டுப் போட முடியாது. 2023 முதல் போட்டியில் கலந்துகொள்ளாத நாட்டினரும் பணம் கட்டி ஆன்லைனில் ஓட்டளிக்கலாம். ஆனால் அந்த நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நாட்டுக்குச் சமம். நம் 'தமிழர் என்றால் பகிருங்கள்' பிரசாரம் அங்கே எடுபடாது.

போன மாதம் அக்கா மகன் ஒரு லிங்க் அனுப்பினான். "மாமா, நம்ம ஊர்ப் பாட்டு, ஒரு ஓட்டு." திறந்தால், ஓட்டுக்கு முன் மொபைல் எண், பிறகு ஓ.டி.பி. கேட்டது. மூடிவிட்டு, "பாட்டை மட்டும் அனுப்புடா, கேட்கிறேன்" என்று பதில் போட்டேன். இன்னும் அனுப்பவில்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன்.