இறக்கத்தைப் பற்றியும் எழுதுங்கப்பா

"மழையில் மலையேறினேன், என்னையே கண்டடைந்தேன்" வகைப் பயணக் கட்டுரைகள் எனக்கு அலுத்துவிட்டன. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆடி மழையில் சைக்கிளில் ஏறியவன் நான். ஏற்றத்தில் குளிரே தெரியாது. மிதிக்க மிதிக்க உடம்பு சூடாகும். இறக்கத்தில் மிதிக்க வேலையில்லை. நனைந்த சட்டையில் காற்று அறையும், விரல் மரத்துப்போகும். பிரேக்கை அழுத்தினால் ரப்பர் கட்டை முதலில் ரிம்மிலிருக்கும் தண்ணீரை வழிக்கும், அப்புறம்தான் பிடிக்கும். அதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும். பாதி வழியில் ஒரு காலி காய்கறி வேனை மறித்துச் சைக்கிளை ஏற்றினேன். "ஏன் தம்பி இந்த வேண்டாத வேலை?" என்றார் டிரைவர். பதிலில்லை, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. நீங்களும் இப்படி ஏதாவது வேனில் ஏறியிருப்பீங்க. அந்தப் பத்தியை ஏன் வெட்டுறீங்க? உங்களைப் படிச்சிட்டு எவனோ ஒரு பையன் நாளைக்குக் கிளம்புறான்.