தலைவிதியா, சாலை விதியா?



வண்டி கிளம்புமுன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். முகப்பிலே மிளகாய் தொங்குகிறது. பின்னாலே ‘கடவுள் துணை’. இத்தனை காவலையும் மீறி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மடிந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். எல்லாம் தலைவிதி என்று சொல்லி எடுத்துப் போய்ப் புதைக்கிறோம்.

விதியாம் விதி! ஜப்பானில் 1970இல் சாலையிலே செத்தவர்கள் 16,765 பேர். ‘போக்குவரத்துப் போர்’ என்றே அந்நாட்டார் அதற்குப் பெயரிட்டனர். நடைபாதை போட்டார்கள், சைகை விளக்கு நட்டார்கள். 2023இல் அந்தக் கணக்கு 2,678. வண்டி பெருகிற்று, சாவு சுருங்கிற்று. ஜப்பானியன் தலையெழுத்தை அழித்து எழுதியவன் எந்தப் பிரமன்?

சுவீடனைப் பாருங்கள். 1967 வரை நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டிய நாடு அது. வலப்பக்கம் மாறலாமா என்று 1955இல் மக்களைக் கேட்டபோது நூற்றுக்கு 83 பேர் கூடாது என்றனர். ஆனாலும் 1963இல் பாராளுமன்றம் மாறுவதென்றே முடிவெடுத்தது. (அது முறையா என்பது வேறு வழக்கு; இங்கே வேண்டாம்.) 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை 4.50க்கு ஓடிய வண்டியெல்லாம் நின்றது. மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. மறுபடி நின்றது. 5 மணிக்குப் புறப்பட்டது!

பிணக்குவியல் விழும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். விபத்து குறைந்தது. புதுப்பக்கமாயிற்றே, ஒவ்வொருவனும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டினான். ஆனால் அதெல்லாம் இரண்டாண்டுக்குத்தான். பழக்கம் வந்தது, பயம் போனது, பழைய கணக்கு திரும்பியது. ‘எச்சரிக்கையாக ஓட்டு’ என்று பலகை எழுதிவிட்டுக் கை கழுவும் அதிகாரிகள் இந்தக் கதையைக் கொஞ்சம் படிக்கட்டும்.

1997இல் சுவீடன் பாராளுமன்றம், சாலையிலே ஒருவரும் சாகக் கூடாது என்பதே இலக்கு என்று தீர்மானித்தது. மனிதன் தவறுவான், கண்ணயர்வான், வீட்டுக் கவலையிலே கவனம் சிதறுவான். அதற்கு மரண தண்டனையா? சாலையைத் திருத்து என்றார்கள். எதிரெதிர் வண்டிகள் மோதாதிருக்க நடுவே எஃகு வடம் கட்டினார்கள். சந்திப்புகளில் வட்டச் சுற்று அமைத்தார்கள். மக்கள் நடமாடும் தெருவுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றார்கள். அந்த வேகத்தில் இடிபட்டவன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். 1997இல் 541 பேர் மாண்ட நாட்டில் 2022இல் 227 பேர்.

இங்கே சாகிறவன் யார்? 2022இல் மடிந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள்; 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். காருக்குள் இருப்பவனுக்குக் காற்றுப்பை விரிகிறது. ஆலைக்குச் சைக்கிளில் போகிறவனுக்கு எது விரியும், மேல்துண்டா?

லாரிக்காரத் தோழன்மீது பழி போடுவது எளிது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். வண்டியிலுள்ள கருவியே கணக்கு எழுதுகிறது. நமக்கும் 1961ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 2025 வரை இருந்தது. நாளுக்கு 8 மணி நேரம் என்றது. ஐந்து தொழிலாளர்க்குக் குறைந்த இடத்தை எட்டிப் பார்க்காத சட்டம் அது! ஒற்றை லாரி முதலாளியிடம் நடைக்கணக்கில் கூலி வாங்குகிறவன் தூங்காமல் ஓட்டுகிறான். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது அவன் கை. அவனை விரட்டுவது அவன் வயிறு.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைக் கழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. விழுந்தவனைத் தூக்கிய கை அது. விழாமல் தடுக்க ஊர்தோறும் கை வேண்டும். அடுத்த கிராமசபைக்குப் போங்கள். பள்ளி வாசலுக்கும் ஆலை வாசலுக்கும் 30 கிலோமீட்டர் வேகம், வேகத்தடை, நடைபாதை என்று தீர்மானம் வையுங்கள். லாரித் தொழிலாளர் சங்கத்திலே இருக்கும் தோழர்கள் அந்த எட்டு மணி நேரக் கணக்கை முதலாளியிடம் எழுத்திலே கேளுங்கள்.